வேரை நாடும் தொண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழாவுக்கு அழைக்கப்படுகிறவன் சமயம் பேச வேண்டும், அல்லது சங்கத்தின் வளர்ச்சியைப் புகழ வேண்டும் என்பது நம்மிடையே உள்ள வழக்கம். உங்கள் காரியதரிசியோ, "எங்கள் வாலிபர்கள் நாள்தோறும் ஏதோ ஒரு தொண்டு செய்கிறார்கள். அந்தத் தொண்டிலே என்ன பண்புகள் இருக்க வேண்டும், அது எவ்வளவு தூரம் புரட்சியாகலாம் என்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். புரட்சி என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதையும், பின்வரிசையில் இருக்கும் வாலிபர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவதையும் பார்க்கிறேன். இரு சாராரும் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

ஆங்கிலத்திலே 'றடிக்கல்' என்றொரு சொல் உண்டு. தீவிரமானது, புரட்சிகரமானது என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். அச்சொல்லின் பிறப்பை நோக்கினால், வேர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தமை புலனாகும். ஆகவே வேரை நாடிச் செல்வது எதுவோ அதுவே அதன் மெய்யான கருத்து. கொடி பிடிப்பதும் கோஷமிடுவதும் அதற்குக் கட்டாயமல்ல.

கோயில் வீதியிலே உழவாரப் பணி செய்து பழகிய உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. திருநாவுக்கரசு சுவாமிகள் கையிலே உழவாரப் படை தாங்கித் திருவீதி திருத்திய வரலாறு நாம் சிறு வயதிலே கேட்டது. அந்தப் பணியை நேரிற் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் கோரைப் புல்லை மேலாகச் செதுக்கிவிட்டால் வீதி அழகாகத்தான் இருக்கும். தேர் வருவதற்குள் புல் மறுபடியும் தலை காட்டும். காரணம், கிழங்கு மண்ணுக்குள்ளே இருக்கிறது. கிழங்கை எடுப்பதற்குக் குந்தியிருந்து தோண்ட வேண்டும், கை அழுக்காகும், நேரம் செல்லும், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேலை நடந்ததாகவே தெரியாது. சமூகத் தொண்டிலும் இவ்விரு வகை உண்டு.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றேயொன்றுதான். ஒருவருடைய துன்பத்துக்கு உதவி செய்யும்போதே அத்துன்பத்தின் வேரையும் தேட வேண்டும். அப்படித் தேடும்போது துன்பப்படுகிறவரையும் கூட வைத்துக்கொண்டே தேட வேண்டும்.

இதை நான் முதலிற் புத்தகத்திலே கற்கவில்லை. ஒரு பிழை செய்து கற்றேன். போர் முடிந்து ஏழெட்டு வருடங்களின் பின், வன்னியிலே ஒரு கிராமத்திற் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும் கொப்பிகளும் வழங்கும் வேலையில் ஒரு தொண்டர் குழுவோடு சேர்ந்திருந்தேன். மேடை கட்டினோம். ஒலிபெருக்கியிலே 'வறிய மாணவர்கள்' என்று சொல்லிப் பெயர்களை வாசித்தோம். பிள்ளையும் தாயும் மேடைக்கு வர வேண்டும், பிரமுகர் ஒருவர் பையைக் கொடுப்பார், படம் எடுக்கப்படும். பையின் முதுகிலே கொடுத்தவர்களின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. எட்டாம் வகுப்பிற் படித்த ஒரு சிறுமியின் தாய் மேடையில் நின்றபோது சேலைத் தலைப்பை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வெயிலுக்காக என்று எண்ணினேன்.

இரண்டு மாதங்களின் பின் அந்தப் பாடசாலைக்குப் போனேன். சிறுமி அன்று வரவில்லை. வருகிற நாட்களிலும் கொப்பிகளைப் பழைய சொப்பின் பையிலேதான் கொண்டு வருவாள் என்று ஆசிரியை சொன்னார். "தருமப் பை" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். பிறகு ஆசிரியை இடாப்பைத் திறந்து காட்டினார். அவள் வராத நாட்களிற் பெரும்பாலானவை வியாழக்கிழமைகள். வியாழக்கிழமையில் என்ன இருக்கிறது என்று இருவரும் யோசித்தோம்; விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அந்தத் தாய் எனக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டுச் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாஸ்ரர், பை தந்தீங்கள், நல்லது. வியாழக்கிழமை காசுக்கு வாற ஆளுக்கு நான் என்ன சொல்லுறது? பிள்ளைதான் படலையிலை நிண்டு அம்மா இல்லையெண்டு சொல்லும்."

அவர் கோழி வளர்க்கவென்று நுண்கடன் எடுத்திருந்தார். கோழிகள் நோயிலே செத்துப்போயின. வாராவாரம் கட்ட வேண்டிய தவணைக்காக இன்னோரிடத்திற் கடன். அதைக் கட்ட மூன்றாவது இடத்திற் கடன். நாங்கள் கொடுத்த பைக்கும் அச்சிறுமியின் படிப்புத் தடைப்பட்டதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் புல்லை மேலே செதுக்கினோம். கிழங்கு உள்ளேயே கிடந்தது. அது மாத்திரமா? ஏற்கெனவே சுமை தாங்கிய அந்தக் குடும்பத்தின் மேல் அவமானம் என்ற புதுச் சுமையையும் பையோடு சேர்த்து ஏற்றினோம். எங்கள் எண்ணம் நல்லதுதான். நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கு அந்த இடாப்பே சாட்சி.

இந்தக் கதையின் மிகுதியைப் பின்னர் சொல்கிறேன். நாம் செய்த பிழை நமக்கு மாத்திரம் உரியதல்ல என்பதை முதலில் அறிதல் நலம்.

சமூகத் தொண்டு ஒரு கல்வியாகவும் தொழிலாகவும் வளர்ந்த வரலாற்றிலே இவ்விரு வகையையும் தொடக்கந் தொட்டே காணலாம். 1869ஆம் ஆண்டிலே இலண்டனில் தருமங்களை ஒழுங்குபடுத்தும் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று ஏழைகளின் நிலையை விசாரித்தார்கள். உதவிக்குத் தகுந்தவர் யார், தகாதவர் யார் என்று பிரித்தார்கள். விசாரித்தறிந்து உதவ வேண்டும் என்ற ஒழுங்கை அவர்கள் வளர்த்தது நன்றே. ஆயினும் வறுமைக்குக் காரணம் ஏழையின் குணக்கேடே என்ற எண்ணம் அந்த விசாரணையில் ஊறிக் கிடந்தது. குடிக்கிறானா, சோம்பேறியா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாளா என்பன முன்னே நின்ற கேள்விகள். கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, வேலை ஏன் கிடைக்கவில்லை என்பன பின்னே நின்ற கேள்விகள்.

மற்ற வகை 1884ஆம் ஆண்டிலே கிழக்கு இலண்டனில் முளைத்தது. சாமுவேல் பார்னெற் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்றியெற்றாவும் வைற்சப்பல் என்னும் வறிய பகுதியில் ரொயின்பி மண்டபத்தை நிறுவினார்கள். பல்கலைக்கழகத்து வாலிபர்கள் அங்கே வந்து, ஏழைகளின் அயலவராகக் குடியிருந்தார்கள். அதைக் கண்டு சென்ற ஜேன் அடம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தம் தோழி எலன் கேற்ஸ் ஸ்ராருடன் 1889இலே சிக்காகோ நகரத்தில் ஹல் மாளிகையைத் தொடங்கினார். பிற்காலத்தில், 1931இலே, சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் இவர்.

ஹல் மாளிகை இருந்த பத்தொன்பதாம் வட்டாரத்திலே வேற்று நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். குழந்தைகள் நோயுற்று மடிந்தன. தருமச் சங்கத்துத் தொண்டர் ஒருவர் வந்திருந்தால், தாய்மாருக்குச் சுகாதாரப் புத்தி சொல்லி, மருந்துக்குச் சிறிது பணமும் கொடுத்துப் போயிருப்பார். ஹல் மாளிகைப் பெண்கள் அயலிலுள்ள பெண்களோடு சேர்ந்து வெளியே இறங்கி ஒழுங்கைகளைப் பார்த்தார்கள். பெரிய மரப்பெட்டிகளிலே குப்பை நிரம்பி வழிந்து அழுகிக் கிடந்தது. அதை அள்ளுவதற்கு நகர சபை கொந்தராத்துக் கொடுத்திருந்தது. அள்ளத்தான் ஆள் வரவில்லை. ஒரு கோடை காலத்திலே ஆவணி, புரட்டாதி அளவில், இரண்டு மாதங்களுக்குள் 1,037 முறைகேடுகளை எழுதிச் சுகாதாரப் பகுதிக்கு அனுப்பினார்கள். பலன் போதவில்லை. ஜேன் அடம்ஸ் தாமே குப்பையள்ளும் கொந்தராத்துக்கு விண்ணப்பித்தார். அது தள்ளப்பட்டது, ஆனால் அந்தப் பரபரப்பினாலே 1895இல் நகர முதல்வர் அவரையே அந்த வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நியமித்தார். அவர் விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே போனார். ஓர் ஒடுங்கிய தெருவிலே பதினெட்டு அங்குலக் குப்பையைத் தோண்டி எடுத்தபோது, அதன் கீழே கல் பதித்த தளம் ஒன்று இருப்பது தெரியவந்ததாம். இறப்பு விகிதத்திலே நகரின் மூன்றாவது இடத்தில் நின்ற அந்த வட்டாரம் ஏழாவது இடத்துக்கு இறங்கியது.

சகோதரர்களே, இதிலே எங்கே புரட்சி இருக்கிறது? துப்பாக்கி இல்லை, மேடைப் பேச்சு இல்லை. "உன் பிள்ளை ஏன் நோயுற்றது?" என்று தாயைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவதை விட்டு, "நம் தெருவிலே குப்பை ஏன் கிடக்கிறது?" என்று தாயோடு சேர்ந்து கேட்டதிலே இருக்கிறது. கேள்வி மாறியதும் தொண்டு மாறியது.

இனிப் பண்புகளைப் பற்றிச் சில வார்த்தை. 1957ஆம் ஆண்டிலே பீலிக்ஸ் பீஸ்ரெக் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவானவர், உதவுகிறவருக்கும் உதவி பெறுகிறவருக்கும் இடையே இருக்க வேண்டிய உறவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் ஏழு நெறிகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராக மதித்தல். அவர் தம் உள்ளத்தைத் திறந்து பேச இடங்கொடுத்தல். நாம் நமது உணர்ச்சியை அளவோடு வைத்திருத்தல். அவரை உள்ளபடி ஏற்றுக்கொள்ளல். குற்றத் தீர்ப்புக் கூறாதிருத்தல். தம் காரியத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அவருக்கு விடுதல். அவர் சொன்ன இரகசியத்தைக் காத்தல். இவ்வேழும் சமூகப் பணி கற்பிக்கும் கலாசாலைகளில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. எங்கள் புத்தகப்பை விழாவை இவ்வேழினாலும் அளந்து பாருங்கள். ஒன்றிலாவது நாங்கள் சித்தியடையவில்லை.

ஆனால் இவ்வேழு நெறிகளிலும் ஒரு குறை உண்டென்று பின்வந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1975இலே றோய் பெய்லி, மைக் பிரேக் என்னும் இருவர் இங்கிலாந்திலே தொகுத்து வெளியிட்ட நூல் ஒன்று 'றடிக்கல்' சமூகப் பணி என்ற பெயரையே பரவச் செய்தது. அக்காலத்தவர்களின் வாதம் சுருக்கமாக இது: அறைக்குள்ளே இருந்து ஒருவரோடு எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அவருடைய வாடகையும் கூலியும் கடனும் அறைக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றன. வெளியே உள்ளதை மாற்றாமல் உள்ளே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால், அநீதியைச் சகித்துக்கொள்ளப் பழக்குகிறவராகவே தொண்டர் முடிவார். பிரேசில் நாட்டுப் போலோ பிறேரி, எழுத்தறியாத உழவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும்போதே அவர்களுடைய வாழ்க்கையில் வழங்கும் சொற்களை எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்கச் செய்தார். அவருடைய நூல் 1970இலே ஆங்கிலத்தில் வந்தபின் உலகெங்கும் தொண்டர்கள் அதைப் படித்தார்கள்.

இவ்விரு சாராரிலும் யார் சரி என்று வழக்காடுவது வீண். பண்பு இருந்து வேர் நாட்டம் இல்லாவிட்டால் தொண்டு வெறும் இனிப்பு வார்த்தையாகும். வேர் நாட்டம் இருந்து பண்பு இல்லாவிட்டால், துன்பப்படுகிற மனிதர் நமது கூட்டத்துக்கு ஒரு சாட்சியாகவும், நமது பத்திரிகைக்கு ஒரு படமாகவும் ஆகிவிடுவார். பிந்திய தவறை வாலிபர்கள் குறிப்பாக அஞ்ச வேண்டும். நாம் ஆவேசமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவோம். பழி வாங்கப்படுகிறவர் அந்த ஊரிலேயே இருப்பவர்.

இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று எவரும் எண்ண வேண்டாம். நமது நாட்டிலே இதற்கு முன்மாதிரி உண்டு. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தியதை யாவரும் சொல்வோம். அதே நாவலர், மக்கள் பட்டினி கிடக்கையில் நிர்வாகம் செய்யத் தவறியவற்றை அரசாங்க ஏசண்டர் என்றும் பாராமற் கண்டித்தெழுதினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு கை கஞ்சி வார்த்தது. மறு கை பேனா பிடித்தது. இரண்டும் ஒரே தொண்டு. அவர் தம் காலத்துச் சாதியாசாரத்தைக் கடந்தவரல்லர் என்பதும் உண்மை. பெரியோரிடத்திலே கொள்ள வேண்டியதைக் கொண்டு, அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் நடக்க வேண்டும்.

அவ்வாறு நடந்தவர் ஒருவர் சுவாமி விபுலாநந்தர். 1931இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போன அவர், அயலிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அவர்களுக்குக் கல்வி புகட்டினார். பேராசிரியரின் தகுதிக்கு அது ஏற்றதா என்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். தகுதி என்பது எங்கே போகாமல் இருப்பது என்று நினைப்பவருக்கு அது புரியாது.

யாழ்ப்பாணத்திலே 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கமும் உங்கள் நினைவில் இருக்க வேண்டும். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடாத்திய அவ்வியக்கத்தின் அழைப்பின்பேரிலே 1927 கார்த்திகையிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அக்காலத்திலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்குச் சிலேற்றும் பென்சிலும் தருமம் செய்யப் பலர் ஆயத்தமாக இருந்திருப்பார்கள். வாலிபர் காங்கிரஸார் தருமத்தைப் பேசாமல் வாங்கைப் பேசினார்கள். சம ஆசனம், சம போசனம் வேண்டுமென்றார்கள். 1930ஆம் ஆண்டளவிலே சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. சிலேற்றுக் கொடுத்திருந்தால் ஒரு கூரையும் எரிந்திராது. வேரைத் தொட்டபடியாலேதான் எரிந்தது.

அதன் பின் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினொரு வருடங்களின் பின்னும், 1968இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக விடுங்கள் என்று நம் சகோதரர்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. இந்து வாலிபர் என்று பெயர் சூடிய நாம் இதைத் தலைகுனிந்துதான் நினைக்க வேண்டும். சட்டம் தாளில் இருக்கிறது. மனத்தில் எவ்வளவு இருக்கிறதென்பதை, அவரவர் ஊரிலுள்ள கோயிற் பரிபாலன சபையிலே யார் யார் இருக்கிறார்கள், அன்னதானத்தில் அகப்பை பிடிப்பவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார் என்று பார்த்து நீங்களே அறிந்துகொள்ளலாம்.

இன்னுமோர் உதாரணம் சிங்களச் சகோதரர்களிடமிருந்து. 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள், மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குப் போனார். அது ரொடியர் எனத் தள்ளி வைக்கப்பட்ட மக்களின் கிராமம். மாணவர்கள் அங்கே தங்கி, அம்மக்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த முகாமிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவரோடு ஒன்றாக இருந்து மண் சுமந்த வாலிபன் வீட்டுக்குத் திரும்பும்போது பழைய வாலிபனாகத் திரும்பவில்லை. சிரமதானம் என்ற சொல்லை நாம் இன்று குப்பை கூட்டுவதற்கு மாத்திரம் வைத்துக்கொண்டோம். அதன் முதற் பொருள் அதுவல்ல.

இப்பொழுது வியாழக்கிழமைக்குத் திரும்புவோம்.

அந்தத் தாயின் கதையைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. பத்திரிகைக்கு எழுதுவோம், கடன்காரரின் கந்தோருக்கு முன்னால் நிற்போம் என்று சொன்னேன். அவர், "மாஸ்ரர், என்ரை பேரை ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. நாங்கள் ஏழு பேர் ஒருத்தருக்கொருத்தர் பிணை நிக்கிறம். நான் கட்டாட்டி மற்ற ஆறு பேரும் கட்டவேணும்" என்றார். முதற் தடவை மேடையில் ஏற்றி அவமானப்படுத்தினேன். இரண்டாந் தடவை போராட்டத்தில் ஏற்றி அவமானப்படுத்த இருந்தேன். இரண்டு தடவையும் நான் அவரைக் கேட்கவில்லை.

"அப்படியானால் என்ன செய்யலாம், தங்கச்சி?" என்று கேட்டேன். அதுவே நான் கேட்ட முதலாவது நல்ல கேள்வி. மற்ற ஆறு பேரையும் தாமே கூட்டி வருவதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முன்பள்ளிக் கட்டிடத்தில் இருந்தோம். ஒரு கொப்பியில் ஒவ்வொருவருடைய கடனையும் எழுதினோம்: எடுத்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, இன்னும் கட்டச் சொல்வது எவ்வளவு. வட்டி வீதம் எவ்வளவென்று ஏழு பேரில் எவருக்கும் தெரியாது. தங்களில் ஒருவர் எடுத்த முதலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டிவிட்டார் என்பதை அன்றைக்குத்தான் கண்டார்கள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அதுவரை ஒவ்வொருவரும் தம் தலைவிதி என்றும், தம் கெட்டித்தனக் குறைவு என்றும் ஒளித்து வைத்திருந்த ஒன்று, ஏழு பேருக்கும் பொதுவான ஒன்றாகிவிட்டது.

அவர்கள் எடுத்த முதற் தீர்மானம் எனக்கு மிகச் சிறியதாகத் தோன்றியது. பணம் அறவிட வருகிறவர் இனி வீட்டுப் படலைக்கு வரக்கூடாது; முன்பள்ளிக்கு, பாடசாலை விட்ட பின் வர வேண்டும்; ஏழு பேரும் சேர்ந்திருந்து பேசுவார்கள். அவ்வளவுதான். ஆனால் அதன் பின் எந்தப் பிள்ளையும் படலையில் நின்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்களுக்கு எது முதலில் வலிக்கிறதென்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் மூவர் சேர்ந்தார்கள்.

அது ஏழு பெண்களின் துன்பம் மாத்திரமல்ல. 2018இலே இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஒருவர், சில நுண்கடன்களுக்கு வருடத்துக்கு 220 வீதம் வரையும் வட்டி போவதாக அறிவித்தார். அதே வருடத்தில், வரட்சியால் வாடிய மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. இத்தகைய கடன்களின் வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச எல்லையும் வந்தது. அந்தச் செய்தி வந்தபோது, தாம் எழுதிய கொப்பியைப் பார்த்து, யாருக்கு இது பொருந்தும் என்று அந்தப் பெண்கள் என்னைக் கேளாமலே அறிந்துகொண்டார்கள். 2021இலே ஹிங்குராக்கொடையிற் சிங்களப் பெண்கள் இதே கடனுக்காக வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது, "எங்கடை கதைதான்" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். வேர் என்பது மொழி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை.

எல்லாம் நன்றாக முடிந்ததென்று சொல்ல நான் வரவில்லை. ஒருவர் கடனுக்காகக் காணியை விற்றார். ஒருவர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்தச் சிறுமி சாதாரண தரம் எழுதினாள். நான் சொல்லக்கூடியது அவ்வளவே.

சிலர் கேட்பார்கள்: "பசித்தவன் முன்னால் நின்று பசியின் வேரை ஆராய்வதா?" நியாயமான கேள்வி. பசித்தவனுக்கு முதலிற் சோறு. வெள்ளம் வந்தால் முதலில் உலர்ந்த உடையும் சமைத்த உணவும். அதிலே விவாதமில்லை. ஆனால் வருடந்தோறும் அதே ஒழுங்கையில், அதே வீடுகளுக்கு, அதே வெள்ளத்தில் நாம் பார்சல் கொண்டுபோகிறோமென்றால், ஐந்தாவது வருடத்திலாவது வாய்க்காலை அடைத்தது யார் என்று கேட்க வேண்டாமா? நாவலர் கஞ்சியை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை.

வேறு சிலர், "இது அரசியலாகிவிடும், சங்கம் பிளவுபடும்" என்பார்கள். கட்சி வேறு, நீதி வேறு. கட்சிக்கு வாக்குச் சேர்ப்பது நமது வேலையல்ல. ஆனால் ஒரு தாயின் துன்பத்துக்குக் காரணம் ஒரு சட்டத்திலோ ஒரு வழக்கத்திலோ நமது சபையிலேயோ இருக்கிறதென்று தெரிந்த பின் மௌனமாயிருப்பதும் ஒரு பக்கம் சேர்வதுதான்.

ஆகவே உங்கள் சங்கத்துக்கு நான்கு சிறு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, உதவி பெறுகிறவரை மேடையேற்றாதீர்கள். அவருடைய படத்தை அச்சிடாதீர்கள். பொருளிலே சங்கத்தின் பெயரை எழுதாதீர்கள். இரண்டாவது, எதைக் கொடுப்பதென்று தீர்மானிக்குமுன் பெறப்போகிறவர்களிடம் போய் இருந்து கேளுங்கள். அவர்களில் இருவரையாவது தொண்டுக் குழுவிலே சேர்த்துக்கொள்ளுங்கள், தேநீர் பரிமாற அல்ல, தீர்மானத்துக்குக் கை உயர்த்த. மூன்றாவது, உங்கள் கணக்குப் புத்தகத்திலே எத்தனை பொதி கொடுத்தோம் என்பதற்கு எதிரே இன்னொரு நிரல் கீறுங்கள். அதன் தலைப்பிலே 'ஏன்?' என்று எழுதுங்கள். அந்த நிரலிலே ஒரே விடை பத்து முறை வந்தால், அந்த இடத்திலே கிழங்கு இருக்கிறது, அங்கே தோண்டுங்கள். நான்காவது, பிறரைத் திருத்தப் போகுமுன் நமது சங்கத்தின் பந்தியையும் நமது கோயிலின் வாசலையும் பாருங்கள். நமக்குள்ளே கிழங்கை வைத்துக்கொண்டு ஊரான் வீதியைச் செதுக்குவது தொண்டாகாது.

உழவாரத்தை எடுத்தவர்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாது. குனிய வேண்டும். குனிந்தால்தான் வேர் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பணிவும், தெரிந்ததைப் பிடுங்கும் துணிவும் ஒருங்கே உங்களுக்கு வாய்க்க வேண்டுமென்று எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.